கனத்த கம்பி: ஒரு குரலும் ஒரு பேஸ் கிட்டாரும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் கோட்பாடு பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் ஓர் இசைக்கருவியைப் பற்றிப் பேசப்போகிறேன். தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். எனக்கும் தயக்கம் இருந்தது. நான் சமூகவியல் படித்தவன். இசை இலக்கணம் எனக்கு ஓரளவுதான் தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி என்னை ஒரு வருடமாக விடவில்லை.

சென்ற ஆண்டு அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி மாணவர்கள் நடத்திய ஒரு மாலை நிகழ்ச்சி. சின்ன அரங்கம். ஓர் இளம்பெண் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். தானே எழுதி மெட்டமைத்த நான்கு பாடல்களைப் பாடினார். டிரம்ஸ் இல்லை, கீபோர்டு இல்லை, இன்னொரு கிட்டார்கூட இல்லை. குரலும் அந்த நான்கு தடித்த கம்பிகளும் மட்டும். இரண்டாவது பாட்டு முடியும்போது பக்கத்தில் இருந்த மூத்த தோழர் என் காதருகே குனிந்து, “என்ன தோழர், மத்த பசங்க இன்னும் வரலையா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வெட்கமும் வந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருத்தர் வீணையோடு வந்தால் மற்றவர்கள் எங்கே என்று நாம் கேட்பதில்லை. சாதாரணக் கிட்டாரோடு வந்தாலும் கேட்பதில்லை. பேஸ் என்றால் மட்டும் ஏன் கேட்கிறோம்? அது பின்னால் நிற்க வேண்டிய கருவி என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். கைப்பேசியின் ஸ்பீக்கரில் அந்த ஒலி கிட்டத்தட்ட வராது. ஷேர் ஆட்டோவில் பாட்டு போட்டால் சீட்டு வழியாக முதுகில் ஏறுகிறதே, அதுதான் பேஸ். காதுக்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடும். ஒரு பாட்டில் அது இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. எடுத்துவிட்டால் பாட்டு காலில்லாமல் நிற்கும்.

பேஸ் மட்டும் வைத்துப் பாடுவதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சாதாரணக் கிட்டார் ஒரே நேரத்தில் பல சுரங்களைச் சேர்த்து ஒலித்து, இது சோகப் பாட்டு, இது மகிழ்ச்சிப் பாட்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடும். பேஸ் பெரும்பாலும் ஒற்றைச் சுரம். அது நிலத்தை மட்டும் காட்டும். அந்த நிலத்தின்மேல் நின்று அழுவதா, சிரிப்பதா என்பதைக் குரல்தான் தீர்மானிக்க வேண்டும். நடுவில் பெரிய வெற்றிடம். பாடுகிறவருக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் போனால், 1739 செப்டம்பர் 9ஆம் தேதிக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைய பிரிட்டிஷ் காலனியான தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் ஏறத்தாழ இருபது அடிமைகள் கூடினார்கள். ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்தார்கள். ஸ்பானியர் வசமிருந்த புளோரிடாவை நோக்கித் தெற்கே நடந்தார்கள். போகிற வழியில் கொடி பிடித்தார்கள், முரசு அடித்தார்கள். முரசொலி கேட்டு மற்ற தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கலகம் இரத்தத்தில் அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1740இல், காலனி அரசு நீக்ரோ சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அடிமைகள் கூடக் கூடாது. தமக்கென்று சம்பாதிக்கக் கூடாது. அவர்களுக்கு எழுதக் கற்றுத்தரக் கூடாது. முரசும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது.

எழுத்துக்கும் முரசுக்கும் ஒரே சட்டத்தில் தடை. எழுதத் தெரிந்த அடிமையும் முரசடிக்கத் தெரிந்த அடிமையும் ஒரே அளவுக்கு ஆபத்தானவர்கள் என்று ஆண்டைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் கதை இங்கே வேறு மாதிரி போகிறது. அங்கே முரசைப் பிடுங்கினார்கள். இங்கே பறையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, அடிக்காமல் போனால் ஊரைவிட்டுத் தள்ளுவோம் என்றார்கள். சாவுக்கு அடி, சாமிக்கு அடி, ஏலத்துக்கு அடி. இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தது நம் விடுதலை வரலாற்றின் ஒரு கட்டம். அதே பறையை மேடையில் கம்பீரமாகத் தூக்கியது இன்னொரு கட்டம். இரண்டில் எது சரி என்று நமக்குள்ளே இன்றைக்கும் சண்டை இருக்கிறது. எனக்கு இரண்டும் சரி. தடுப்பதும் திணிப்பதும் ஒரே கை செய்கிற வேலை. இதற்கு யார் அடிக்கலாம், எதற்கு அடிக்கலாம் என்பதை அந்தக் கை தீர்மானிக்கிறது. 1946இல் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், 1972இல் பம்பாய் இளைஞர்கள் தங்களைத் தலித் பேந்தர்ஸ் என்று அழைத்துக்கொண்டதும் இந்தக் கையை அடையாளம் கண்டுகொண்டதால்தான் என்று நினைக்கிறேன்.

முரசு போன பிறகு தாளம் எங்கே போயிற்று? உள்ளங்கைக்கும் தொடைக்கும் பாதத்துக்கும் போயிற்று. தென் கரோலினாவின் கடலோரத் தீவுகளில் வாழ்ந்த கல்லா மக்கள் வட்டமாக நகர்ந்தபடி பாடுவார்கள். ஒருவர் தடியால் மரத்தரையை இடித்துத் தாளம் கொடுப்பார். தெற்கின் மற்ற ஊர்களில் துடைப்பத்துக் கம்பியை உருவி, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, அடியில் ஒரு பாட்டிலைச் செருகி மீட்டினார்கள். துணி துவைக்கும் தகரத் தொட்டியைக் கவிழ்த்து, ஒரு கழியையும் கயிற்றையும் பூட்டி பேஸ் செய்தார்கள். 1740ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பேஸ் கிட்டாருக்கு நேர்க்கோடு போட முடியாது. நடுவில் எத்தனையோ கிளைகள் உண்டு. ஆனால் அந்தத் தீவுகளில் ஒன்றான எடிஸ்டோவில் 1936இல் ஒரு பையன் பிறந்தான். கம்பில் ரப்பரை இழுத்துக் கட்டி, அதை எறும்புப் புற்றில் நட்டு, எறும்புகளை ஆடவைக்கிறேன் என்று மீட்டுவானாம். அவன் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

பஞ்சம் பிழைக்க வடக்கே போன இலட்சக்கணக்கான கறுப்பர்களைப் போல அவர் குடும்பமும் டெட்ராய்ட் நகரத்துக்குப் போனது. கார் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே பள்ளியில், ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைக் கற்றார். லியோ பெண்டர் 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்த மின் பேஸ் கிட்டாருக்குப் பிறகு மாறினார். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்கள் 1960களில் உலகம் முழுவதும் ஒலித்தபோது அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடியது இந்த ஒற்றை விரல்தான். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘மை கேர்ள்’ பாட்டு தொடங்குவதே அவர் பேஸில். அதைக் கேட்டவர்கள் எத்தனை கோடி! அந்தத் தட்டுகளின் உறையில் அவர் பெயர் கிடையாது. பாடகர் பெயர் உண்டு, எழுதியவர் பெயர் உண்டு, நிறுவனத்தின் பெயர் பெரிதாக உண்டு. வாசித்தவர்களின் பெயர் இல்லை. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பு 1971இல் வந்தபோதுதான் மோட்டவுன் உறையில் ஜேமர்சன் பெயர் அச்சானது. அந்தத் தலைப்புப் பாட்டுக்கு, குடித்துவிட்டு நிற்க முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. குடியைப் பற்றிய கதைகள் மட்டும் எப்படியோ பெயரோடு சேர்ந்து நிலைத்துவிடுகின்றன.

இங்கே நாம் தப்பிக்க முடியாத ஒன்று இருக்கிறது. மோட்டவுன் வெள்ளையர் நிறுவனம் அல்ல. பெர்ரி கோர்டி என்ற கறுப்பர், குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி 1959இல் தொடங்கியது. கறுப்பர் முதலீட்டின் பெருமிதம் அது. அந்தப் பெருமிதத்தின் நிலவறையில்தான் இந்தப் பெயரற்ற உழைப்பு நடந்தது. பணமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். பிற்பாடு ஜேமர்சனுக்கு நல்ல வாரச் சம்பளமே கிடைத்தது. கிடைக்காதது வேறு.

அதைச் சட்டத்தில்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமை நடைமுறையில் பாட்டு என்றால் மெட்டும் சொற்களும். அதை எழுதியவரே படைப்பாளி. அடியில் ஓடும் பேஸ் வரியை வாசித்தவரே அந்த நேரத்தில் உருவாக்கியிருந்தாலும், அது பொதுவாக வாசிப்பு, அதாவது கூலி வேலை. அந்த நாட்டு வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் போகாது. ‘மை கேர்ள்’ இன்றைக்கு ஒலித்தாலும் இதுதான் கணக்கு. பாட்டைக் கேட்ட உடனே நமக்கு நினைவுக்கு வருவது பேஸ் வரியாக இருந்தாலும் சட்டத்துக்கு அது பாட்டின் பகுதி இல்லை. அடித்தளம் யாருக்கும் சொந்தமில்லை என்றால் மேல்மாடிக்காரருக்குச் சொந்தம் என்றுதானே பொருள்?

1972இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சனும் பின்னாலேயே போனார். அங்கே பழைய இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1983 மார்ச்சில் நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழாவைத் தொலைக்காட்சிக்காகப் படம்பிடித்தார்கள். மைக்கேல் ஜாக்சன் பின்னோக்கி வழுக்கி நடந்து உலகத்தை வாய்பிளக்க வைத்த அதே இரவு. ஜேமர்சன் தானே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்கிறார்கள். அந்த ஆகஸ்ட் 2ஆம் தேதி இறந்தார். வயது 47. இறப்பதற்குச் சில நாள் முன்பு அவருடைய பேஸ் கிட்டார் திருடுபோனது. 2000ஆம் ஆண்டில்தான் ராக் அண்ட் ரோல் புகழரங்கத்தில் அவரைச் சேர்த்தார்கள்; பின்னணிக் கலைஞர்களுக்கென்று புதிதாகத் திறந்த ஒரு பிரிவில்.

ஜேமர்சன் பாடவில்லை, பேசவுமில்லை. பேசிய ஒரு பேஸ் கலைஞரையும் சொல்ல வேண்டும். சார்லஸ் மிங்கஸ் சிறுவயதில் செல்லோ வாசித்தவர். மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குழுவில் கறுப்பனுக்கு இடமில்லை, நீ பேஸுக்குப் போ என்று நண்பர் ஒருவர் சொன்னதைத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். எந்தக் கருவி யாருக்கு என்பதிலும் ஒரு மனு இருக்கிறார், பாருங்கள். 1957இல் லிட்டில் ராக் நகரத்தின் உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பு மாணவர்கள் நுழையாதபடி ஆளுநர் ஃபாபஸ் படையை நிறுத்தினார். மிங்கஸ் அந்த ஆளுநரைக் கேலிசெய்து ஒரு படைப்பை உருவாக்கினார். 1959இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட தட்டில் அது சொற்கள் இல்லாமல் வந்தது. சொற்களை நிறுவனம் அனுமதிக்கவில்லை என்பதே பரவலாகச் சொல்லப்படுவது. அடுத்த ஆண்டு, கேண்டிட் என்ற சிறிய நிறுவனத்துக்காக, பேஸை வாசித்தபடியே டிரம்ஸ் கலைஞர் டேனி ரிச்மண்டோடு கேள்வியும் பதிலுமாகச் சொற்களைச் சேர்த்துப் பதிவுசெய்தார். நாற்பது ஐம்பது பேர் வாசிக்கிற இசைக்குழுவில் இடமில்லாதவர் ஒரு பேஸையும் தொண்டையையும் வைத்து ஓர் ஆளுநரைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தார். மிங்கஸ் 1979இல் மெக்சிகோவில் இறந்தார். அவர் விருப்பப்படி சாம்பலைக் கங்கையில் கரைத்தார்கள். கங்கைக்கும் நமக்கும் இருக்கிற பழைய கணக்கை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இனி லேரி கிரஹாம். டெக்சஸில் 1946இல் பிறந்து ஓக்லாந்தில் வளர்ந்தவர். அம்மா டெல் கிரஹாம் பியானோ வாசித்தபடி பாடுவார். அந்தச் சின்னக் குழுவில் மகன் கிட்டார். காலால் மிதித்து பேஸ் ஒலி தரும் ஓர் ஆர்கனையும் மகனே பார்த்துக்கொண்டார். ஒருநாள் ஆர்கன் கெட்டுப்போனது. சரியாகும்வரை இருக்கட்டும் என்று ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். ஆர்கன் சரியாகவே இல்லை. அப்புறம் டிரம்ஸ் வாசிப்பவரும் இல்லாமல் போனார். மேடையில் அம்மாவும் மகனும் மட்டும். டிரம்ஸின் கனத்த அடிக்குப் பதிலாகக் கட்டைவிரலால் கம்பியை ஓங்கி அடித்தார். சுள்ளென்ற அடிக்குப் பதிலாக இன்னொரு விரலால் கம்பியைச் சுண்டினார். பேஸே தாளமாயிற்று. இன்று உலகம் முழுக்க மாணவர்கள் காசு கொடுத்துப் பயிலும் ‘ஸ்லாப்’ முறையின் பிறப்பு இப்படித்தான். பிறகு ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் சேர்ந்தார். 1980இல் தனிப் பாடகராகவும் வெற்றிபெற்றார்.

இந்தக் கதையைக் கேட்டதும் இல்லாமைதான் கலையை வளர்க்கிறது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. வாடகைக்கு எடுக்கவும் காசில்லாமல் போன பிள்ளைகளின் கண்டுபிடிப்புகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிரஹாமுக்கு அம்மா இருந்தார், மேடை இருந்தது, இரவுதோறும் வேலை இருந்தது. அதனால்தான் கட்டைவிரல் பேசியது.

பேஸை முன்னால் கொண்டுவந்து பாடுகிறவர்கள் அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கேமரூன் நாட்டுக் கிராமத்தில் 1967இல் பிறந்த ரிச்சர்ட் போனா, சின்ன வயதில் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியால் கிட்டார் செய்தவர். நியூயார்க்கில் குடியேறிய பிறகும் தன் தாய்மொழியில்தான் பாடுகிறார். குழுவை ஓரமாக அனுப்பிவிட்டு, தன் குரலையே பதிவுசெய்து அடுக்கடுக்காக ஒலிக்கவிட்டுத் தனி ஆளாய் ஒரு கூட்டப் பாடலை எழுப்புவார். விக்டர் வூட்டன் 1996இல் வெளியிட்ட ‘எ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்’ தொகுப்பில் இசைக்கருவி என்று ஒரே ஒரு நான்கு கம்பி பேஸ்தான். ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவுகளை அடுக்கவும் இல்லை. மிஷெல் இண்டிகியோசெல்லோ, கறுப்புப் பெண், ஒருபால் ஈர்ப்பை மறைக்காதவர், பறவையைப் போல் சுதந்திரமானது என்ற பொருளில் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டவர். 1993இல் வந்த தன் முதல் தொகுப்புக்கே ‘பிளாண்டேஷன் லல்லபைஸ்’, அதாவது தோட்டத்துத் தாலாட்டுகள், என்று பெயர் வைத்தார். அடிமைகள் உழைத்த தோட்டம் அது. எஸ்பெரான்சா ஸ்பால்டிங் பேஸை வாசித்தபடியே பாடுகிறவர். 2011இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருதை வாங்கிய முதல் ஜாஸ் கலைஞர்.

விருதுப் பட்டியல் நீளும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தானே எழுதி, தானே பாடி, பேஸையும் தானே வாசிக்கிறவரிடம் அந்தச் சட்டப் பிரிவினை செல்லாது. மெட்டு, சொல், அடித்தளம் மூன்றும் ஒரே உடம்பில் இருக்கின்றன. இது படைப்பு, இது கூலி வேலை என்று நடுவில் கத்தி வைக்க முடியாது. பின்வரிசைக்காரர் முன்வரிசைக்கு வந்து நிற்கும்போது பின்வரிசை என்ற இடமே காணாமல் போகிறது. ஜேமர்சனுக்கு டிக்கெட் வாங்க வேண்டியிருந்த மாடம் அது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கடந்த இருபது வருடமாக நம் கூட்டங்களுக்கு நான் அச்சடித்த துண்டறிக்கைகளைப் போன மாதம் எடுத்துப் பார்த்தேன். பேச்சாளர்களின் பெயர்கள் பட்டத்தோடும் பதவியோடும் இருக்கின்றன. வாழ்த்துரை சொன்னவர் பெயர் இருக்கிறது. நன்றியுரை சொன்ன மாணவர் பெயர்கூட இருக்கிறது. கடைசியில், ‘மாலை 5 மணி: பறையிசை’. அவ்வளவுதான். யார் அடித்தார்கள்? ஒன்றிரண்டில் மட்டும் குழுவின் பெயர் உண்டு. மற்றவற்றில் அதுவும் இல்லை. கூட்டத்தைச் சேர்த்தது அவர்கள். தெருவில் போனவரை நிறுத்தி உட்காரவைத்தது அவர்கள். பேச்சு தொடங்கியதும் பறையைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே டீ குடிக்கப் போனார்கள். அவர்களைப் பேசச் சொல்லி நாம் மைக்கைக் கொடுத்ததில்லை. ஊர்க்காரர் அழைத்தாலும் நாம் அழைத்தாலும் அவர்கள் நின்ற இடம் மேடைக்கு வெளியேதான். அந்தத் துண்டறிக்கைகளை எழுதியது எந்தச் சாதி இந்துவும் இல்லை, நான்தான். மோட்டவுன் உறைகளைப் பற்றி நான் ஆத்திரப்படுவதற்கு எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் இந்த ஆண்டு அழைப்பிதழைத் திரும்ப அச்சடிக்கச் சொன்னேன். செலவு கூடிவிட்டது என்று பொருளாளர் தோழர் இன்னும் என்னிடம் சரியாக முகம்கொடுத்துப் பேசவில்லை. இன்று மாலை பறை அடித்த ஏழு பேரின் பெயரும் அதில் இருக்கிறது. அந்த இளம்பெண்ணின் பெயரும் இருக்கிறது: ‘பாடல், மெட்டு, பேஸ்’ என்று மூன்றும் தனித்தனியாக.

சென்ற ஆண்டு நிகழ்ச்சி முடிந்து அவரிடம் பேசினேன். ஏன் பேஸ் மட்டும் என்று கேட்டேன். பெரிய விளக்கமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “மத்த எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க அண்ணா. முதல்ல அப்படித்தான் தனியா பாடினேன். அப்புறம் இதுவே போதும்னு தோணிடுச்சு” என்றார்.

நான் முடித்ததும் அவர் பாடுவார். பின்னால் வேறு யாரும் வரப்போவதில்லை, காத்திருக்க வேண்டாம். வாடகைக்குக் கிடைத்த ஸ்பீக்கர் சின்னது, தாழ்ந்த சுரங்கள் கடைசி வரிசைவரைக்கும் வராது. நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.